கையும் கல்வியும்

ஒரு தொழிலை அறியப்புகுமுன் அதன் பெயரை ஆராய்தல் என் போன்ற தமிழாசிரியர்க்கு வழக்கம். 'கைரோபிராக்டிக்' என்பது கிரேக்க வேர்களிற் பிறந்த சொல். 'கெயிர்' என்பது கை; 'பிராக்சிஸ்' என்பது செய்கை. நமது 'கை' என்னும் சொல்லோடு அது ஒலியால் ஒத்தல் தற்செயலே; ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு கற்பித்தல் தகாது. முள்ளந்தண்டையும் மூட்டுக்களையும் கையால் அழுத்தியும் அசைத்தும் நோவு தணிக்கும் தொழிலையே அச்சொல் குறிக்கும்.

இத்தொழில் 1895ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டவென்போட் நகரிலே தோன்றிற்று. டானியல் டேவிட் பாமர் என்பார், செவிப்புலன் குன்றிய ஹாவி லிலாட் என்னும் தொழிலாளியின் முதுகிற் பிசகிய முள்ளென்பொன்றை அழுத்தி நேராக்க, அவர்க்குச் செவி கேட்டதென எழுதிவைத்தார். செவி நரம்போ தலையோட்டினுள்ளேயே மூளையைச் சேர்வது, முதுகினூடு செல்வதன்று. ஆயினும், நோய்களுள் நூற்றுக்கு 95 முள்ளென்பு பிசகுதலால் வருவன என்று பாமர் சாதித்தார். 1897இற் கல்லூரி நிறுவினார்; 1906இல் அனுமதியின்றி வைத்தியஞ் செய்த குற்றத்துக்காகச் சிறை புகுந்தார்.

கன்சாஸ் மாநிலம் 1913இல் இத்தொழிலைச் சட்டத்தால் ஏற்றது; இறுதியாக ஏற்ற லூசியானாவோ 1974 வரை தாழ்த்தது. இன்று அந்நாட்டில் இதனைப் பயில்வோர், பல்கலைக்கழகத்திற் சில ஆண்டு கற்றபின், மேலும் ஏறக்குறைய நான்கு ஆண்டு பயிலல் வேண்டும். பயிற்சி 4,200 மணிநேரத்திற்குக் குறைதலாகாது. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல், எக்ஸ் கதிர்ப்படம் நோக்கல் என்பவற்றோடு, மேற்பார்வையின் கீழ் நோயாளரைக் கவனிக்கும் பயிற்சியும் உண்டு. நான்கு பகுதிகள் கொண்ட தேசியத் தேர்விற் சித்தியெய்தி, மாநில அனுமதியும் பெற்ற பின்னரே தொழில் புரியலாம். இவர்கள் சத்திரசிகிச்சை செய்யார்; பெரும்பாலும் மருந்தும் எழுதார்.

இதன் பயன் யாது? இடுப்பு நோவுக்கு ஓரளவு நன்மை உண்டென ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்க வைத்தியர் கல்லூரியும் 2017இல் அதற்குரிய சிகிச்சைகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது. ஏனைய நோய்களை மாற்றுமென்பதற்குத் தக்க சான்றில்லை. கழுத்தைச் சடுதியாகத் திருப்புமிடத்து, அரிதாகக் குருதிக்குழாய் கிழிந்து பாரிசவாதம் நேர்ந்தமையும் பதிவாகியுள்ளது.

ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்த எனக்கு இவ்வரலாற்றிற் புலப்படுவது ஒன்று. எங்கே அழுத்துவதென்பதைக் கை விரைவிற் கற்றுக்கொள்ளும். எங்கே அழுத்தலாகாது என்பதை அறியவே நெடுநாட் கல்வி வேண்டும். பாமரின் 95ஐ இன்றும் பற்றி நிற்பார் சிலருளர். இடுப்பு நோவோடு எல்லை வகுத்துக்கொண்டாரும் உளர். தம் முதுகை ஒருவர் கையில் ஒப்படைக்குமுன், அவர் எத்தகையார் என வினவி அறிதல் நோயாளர் கடன்.