பட்டமில்லா மேற்பார்வையாளருக்கும் ஒரு தேர்வு

வளைகுடா நாடுகளில் கட்டடப் பணிகளை முன்னின்று நடத்தும் மேல்பட்டாம்பாக்கத்து மைந்தருக்குப் பட்டமில்லையே எனக் கவலுறும் பெற்றோரே, 'பி.எம்.பி.' எனும் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் அவர்கட்கு எட்டாக் கனியன்று. அமெரிக்காவில் 1969இல் தோன்றிய கழகம் 1984 முதல் வழங்கும் சான்றிதழ் இது. பட்டதாரிக்கு 36 மாதத் தலைமை அனுபவம் போதும். மேல்நிலைப் பள்ளி முடித்தவருக்கு 60 மாதம் வேண்டும். இருவருக்கும் 35 மணிநேரப் பயிற்சி உண்டு.

வினாக்கள் பெரும்பாலும் மனப்பாடத்தைச் சோதிப்பன அல்ல. தொழிலாளர் இருவர் பிணங்கினால், சிமெண்டு வரத் தாமதித்தால், முதலில் செய்யத்தக்கது யாது என்று வினவுவன. நூலை உருப்போட்டவர் இங்கேதான் இடறுவர். லூக்கா 14ஆம் அதிகாரத்துக் கோபுரம் கட்டுவோனின் முன்யோசனை உடையவர் தேறுவர்.

விண்ணப்பத்தில் மிகை கூடாது. கழகம் சிலரைத் தணிக்கைக்குத் தெரிந்தெடுத்து, பழைய மேலாளரிடம் உறுதிச்சான்று கேட்கும். ஆதலால், ஊர் திரும்புமுன் அம்மேலாளரின் முகவரியைக் குறித்துக்கொள்ளுமாறு மகனுக்கு இன்றே எழுதுங்கள்.