வெள்ளம் வரும் மண்ணில் வீடு: அனுமதி யாருக்கு, அலைச்சல் யாருக்கு?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சதுரங்கப்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர்தான் பேச்சு. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். தெற்கே வாயலூர் அருகே பாலாறு கடலில் கலக்கிறது. மேற்கிலிருக்கும் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் இந்தத் தாழ்ந்த நிலத்தைக் கடந்துதான் வெளியேற வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தைக் கரையோரக் கிராமங்கள் மறந்திருக்காது.

இந்த மண்ணில் வீடு கட்ட இரண்டு வகையினர் அனுமதி கேட்கிறார்கள். ஒரு வகை, கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி மனைப்பிரிவு போடுபவர்கள். மற்றொரு வகை, கால்வாய்க் கரையிலும் ஏரிக்கரை ஓரத்திலும் தலைமுறை தலைமுறையாகக் குடிசையில் வாழும் நம் மக்கள். இரு தரப்பும் ஒரே அரசிடம்தான் மனு கொடுக்கிறார்கள். ஆனால் போகும் பாதை வேறு.

மனைக்காரரின் பாதை

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் நடைமுறைக்கு வந்தன. நீர்நிலைக்கு அருகிலோ வெள்ளம் தேங்கும் இடத்திலோ மனைப்பிரிவு போட்டால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். கடலோரமாகவோ கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாயோரமாகவோ இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்ளும். அதற்கான மனு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் பார்வைக்குப் போகும்.

நீர்வளத் துறை சான்று தரும்போது வழக்கமாகச் சில நிபந்தனைகள் விதிக்கும். வெள்ளமட்டத்துக்கு மேலே மண் கொட்டி மனையை உயர்த்த வேண்டும், மழைநீர் வடிகால் அமைக்க வேண்டும், வாய்க்காலை அடைக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். ஆனால், நாலடி உயர்த்திய மனையில் முன்பு நின்ற தண்ணீர் எங்கே போகும்? பக்கத்திலிருக்கும் பள்ளத்துக்குப் போகும். பல ஊர்களில் அந்தப் பள்ளத்தில் இருப்பது காலனி. சான்று ஒரு மனைக்கு மட்டும் பதில் சொல்கிறது. பக்கத்துத் தெருவைப் பற்றி அதில் ஒரு வரியும் இருப்பதில்லை.

குடிசைக்காரரின் பாதை

நம் மக்களின் மனு பெரும்பாலும் முதல் மேசையிலேயே நின்றுவிடுகிறது. அங்கே கேட்கப்படுவது பட்டா. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. அதைப் பெறவும் மனை நம் பெயரில் இருக்க வேண்டும். அதே ஆண்டு வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி உண்டு. அதற்கும் நில உரிமை ஆவணம்தான் அடிப்படை.

நீர்நிலைப் புறம்போக்கு என்று கணக்கில் பதிவான இடத்துக்குப் பட்டா தர நீதிமன்றத் தீர்ப்புகள் தடையாக இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் உண்டு. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் அட்டை எல்லாம் இருந்தாலும் அவை பட்டா ஆகாது. 'பி' மெமோவும் அப்படித்தான். அது ஆக்கிரமிப்புக்கான நோட்டீஸ், உரிமைப் பத்திரம் அல்ல.

பள்ளத்தில் குடியேறியது யார் விருப்பம்?

ஏரியைத் தூர்த்து வீடு கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஏரிப் பாசனம் அழிந்தால் முதலில் வேலை இழப்பது வயலில் இறங்கும் நம் மக்கள்தான். நாம் கேட்பது வேறு. மேட்டில் ஊரும் பள்ளத்தில் சேரியும் என்று பிரித்து வைத்தது யார்?

1891-இல் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், இங்குள்ள தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால், நிலவுடைமையாளர்களுக்கு அஞ்சி வாழ வேண்டியிருந்த நிலை அன்று பேசுபொருளானது. அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையே பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழி செய்தது. மனைப் பட்டா கேட்டு இன்று நாம் நீட்டும் மனுவுக்கு 130 ஆண்டு வயது.

இடம் மாற்றினால் மட்டும் போதாது என்பதற்குச் சென்னை சாட்சி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட பலர், சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கும் மழைக்காலத்தில் தண்ணீர்தான். பிழைப்பும் பள்ளிக்கூடமும் தூரமாகிப் போனதுதான் மிச்சம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலில், குடியிருக்கும் இடத்தின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்வோம். அது கிராம நத்தமா, எந்த வகைப் புறம்போக்கு என்பது 'அ' பதிவேட்டில் இருக்கும். வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். படித்த பிள்ளைகள் தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இதைப் பார்த்துச் சொல்லலாம். நத்தமாக இருந்தால் வட்டாட்சியரிடம் பட்டாவுக்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

அடுத்து, பக்கத்தில் புது மனைப்பிரிவு வருகிறதென்றால் அதற்கு வழங்கிய தடையின்மைச் சான்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. எத்தனை அடி உயர்த்தச் சொன்னார்கள், வடிகால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, மழைக்கு முன்பே ஆட்சியரிடம் ஆட்சேபம் கொடுக்கலாம்.

மூன்றாவது, பட்டா தரவே முடியாத இடமென்றால் மேட்டு நிலம் கேட்போம். ஆதிதிராவிடர் மனைக்காகத் தனியார் நிலத்தை எடுக்க 1978-ஆம் ஆண்டின் 31-ஆவது மாநிலச் சட்டம் ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. 2019-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் அது முடங்கியது. அதற்கு மீண்டும் உயிர் கொடுத்த மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதி செய்தது. ஆகவே, சட்டத்தில் இடமில்லை என்று இனி எந்த அலுவலகமும் கைவிரிக்க முடியாது.

அக்டோபர் 2-லும் நவம்பர் 1-லும் கிராம சபை கூடுகிறது. இரண்டும் மழைக் காலத்தை ஒட்டியே வருகின்றன. ஊருக்கு அருகிலேயே, வெள்ளமட்டத்துக்கு மேலே, பட்டாவுடன் மனை வேண்டும் என்று சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் எழுதச் சொல்வோம். தீர்மான நகலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம்.