வானத்தின் மாடிகள்

மழை வருமா, வராதா என்று வானத்தை அண்ணாந்து பார்த்தே நம் முன்னோர் அறிந்தனர். இன்றோ, பூமியைச் சூழ்ந்த வளிமண்டலம் முழுவதையும் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலை, காற்று, மழை ஆகியவற்றைக் கணினி எண்களாகத் தந்துவிடுகின்றது. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு நிலையத்தின் 'எரா-5' என்னும் தரவுத் தொகுதியில் 1940ஆம் ஆண்டு தொடக்கம் மணிக்கு மணி இத்தகைய எண்கள் உள்ளன. மாணவர் எவரும் அவற்றை இலவசமாகப் பெறலாம். ஆயினும், எண்ணைப் பெறுவது வேறு. அதன் பொருளை உணர்வது வேறு. எதன் அளவு, எந்த அலகில், எந்த மட்டத்தில் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

முதலிற் பெயர்களைக் காண்போம். 'டி' என்பது வெப்பநிலை. அது கெல்வின் அலகில் இருக்கும். 297 என்று கண்டு திகைக்க வேண்டாம். 273.15ஐக் கழித்தால், கண்டிக்குப் பழக்கமான 23.85 பாகை செல்சியசு கிடைக்கும். 'யூ' மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் காற்றின் வேகம். 'வீ' தெற்கிலிருந்து வடக்கே செல்வது. தென்மேற்குக் காற்றில் இரண்டும் நேர் எண்கள். வடகீழ்க் காற்றில் இரண்டும் எதிர் எண்கள்.

இனி மட்டங்கள். வானத்தின் மாடிகளை மீற்றரால் அன்றி அமுக்கத்தாலேயே பெரும்பாலும் குறிப்பர். மேலே செல்லச் செல்ல அமுக்கம் குறைவதால், எண் பெரிதாயின் உயரம் சிறிது. 850 ஹெக்டோபாஸ்கல் மட்டம் நம் வானில் ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்திலும், 700 மட்டம் 3,100 மீற்றர் அளவிலும், 500 மட்டம் 5,800 மீற்றர் அளவிலும் உள்ளன.

மலைநாட்டாராகிய நாம் கவனிக்க வேண்டியது இங்கேதான் உள்ளது. கண்டி நகர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீற்றரில் இருக்கின்றது. ஆதலின் 1000 மட்டம் நம் காலடி மண்ணுக்குக் கீழே கிடக்கின்றது! 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ 850 மட்டமும் நிலத்துக்குள் அடங்கிவிடும். மண்ணுக்குள் காற்று வீசுமா? வீசாது. எனினும் கணினி அங்கேயும் ஓர் எண்ணை ஊகித்து நிரப்பி வைக்கும். அதனை மெய்யென நம்புவது பேதைமை. நம் வீட்டு முற்றத்து வெப்பத்தை அறிய வேண்டின், நிலத்துக்கு 2 மீற்றர் மேலுள்ள வெப்பநிலையையே எடுத்தல் வேண்டும்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. எரா-5 கட்டம் ஒன்றின் பக்கம் இங்கே ஏறக்குறைய 28 கிலோமீற்றர். மகாவலிப் பள்ளத்தாக்கும் மலைமுடியும் ஒரே கட்டத்துள் சராசரியாகிவிடுகின்றன. தரைமட்டத்து 'இசெட்' எண்ணை 9.80665ஆல் வகுத்தால், கணினி கருதும் நில உயரம் தெரியும். நம் ஊரின் உண்மை உயரத்தோடு அதனை ஒப்பிட்டு, 100 மீற்றருக்கு 0.65 பாகை வீதம் திருத்திக்கொள்ளலாம்.

அலகில் நேரும் பிழையோ உயிரோடு விளையாடுவது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் கண்டி மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளை நாம் மறக்கவியலாது. 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை என்பது சரிவுகளில் வாழ்வோர் வெளியேற வேண்டிய அளவாகும். எரா-5 தொகுதியில் மழை மீற்றரில் தரப்படுகின்றது. ஆகவே அதே பெருமழை, 24 மணி எண்களையும் கூட்டிய பின், வெறும் 0.15 என்றே தோன்றும். அதனை மில்லிமீற்றர் என்று கொள்பவன் தூறல் என எண்ணி உறங்கிவிடுவான். மேலும், அது கட்டம் முழுவதன் சராசரியாதலால், ஒரு சரிவில் அதனினும் மிகுதியாகப் பெய்திருத்தல் கூடும்.

ஆகவே, மாணவர்களே, வரைபடம் தீட்டுமுன் பெயர், அலகு, மட்டம் மூன்றையும் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அபாய வேளையிலோ வளிமண்டலவியல் திணைக்களத்தினதும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினதும் அறிவித்தல்களுக்கே செவிசாயுங்கள்.