பற்காரையும் ஒரு பழைய அச்சமும்

பல்லில் படிந்த காரையை எடுத்துவிட்டால் பல் ஆடிப்போகும் என்னும் அபிப்பிராயம், புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் மட்டுமன்றி, தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் வேரூன்றிக் கிடக்கிறது. 1823-இலேயே பிரெஞ்சுக்காரர் மருத்துவப் பள்ளி நிறுவிய ஊர் புதுச்சேரி. அப்பள்ளியின் வழித்தோன்றலான ஜிப்மரும், அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கழகமும் இன்று கோரிமேட்டுப் பகுதியில் இயங்குகின்றன. சிகிச்சை இவ்வளவு அருகில் இருந்தும், ஈறில் இரத்தம் கசியும் காலத்தில் வாராமல் பல் ஆடத் தொடங்கிய பின்னரே பலர் வைத்தியரை நாடுவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாகும். ஆதலால் காரை எப்படி உண்டாகிறது, அது பல்லுக்கு இழைப்பது யாது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது நலம்.

படலம் பிறக்கும் விதம்

பல்லைச் சுத்தமாகத் துலக்கிய சில நிமிஷங்களுக்குள்ளாகவே, உமிழ்நீரிலுள்ள புரதங்கள் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறையாகப் படிகின்றன. அவ்வுறையைப் பற்றிக்கொண்டு வாயிலுள்ள பாக்டீரியாக்கள் குடியேறி, நாம் உண்ணும் சர்க்கரையைக் கொண்டே பசை போன்ற பொருளை உற்பத்தி செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெருகுகின்றன. காலையில் பல் துலக்குமுன் நாவால் தடவினால் பிசுபிசுப்பாக உணர்கிறோமே, அதுவே இந்தப் படலம். 1683-இல் ஹாலந்து தேசத்து லேவன்ஹுக் தம் பல்லிலிருந்து இதைச் சுரண்டியெடுத்து, தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து நோக்கியபோது, நெளிந்து திரியும் எண்ணற்ற நுண்ணுயிர்களைக் கண்டு வியந்து, லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

சொத்தைப் பல்லைப் புழு அரிக்கிறது என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1728-இல் வெளிவந்த தம் நூலில் அதை மறுத்து, சர்க்கரையின் தீமையை எடுத்துரைத்தவர் பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியேர் போஷார். படலத்திலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, அமிலநிலையைக் குறிக்கும் pH அளவு 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சமன்படுத்த அரைமணி முதல் ஒருமணி நேரம் பிடிக்கிறது. ஆகவே, எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைக் காட்டிலும், சர்க்கரையிட்ட காப்பியும் பிஸ்கட்டுமாக ஒரு நாளில் எத்தனை முறை உண்டோம் என்பதே முக்கியம்.

இந்த மென்படலம் அகற்றப்படாமல் சில நாட்கள் கிடந்தால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து இறுகுகிறது, அதுதான் காரை. உமிழ்நீர் சுரக்கும் வாய்களுக்கு அண்மையிலுள்ள கீழ் முன்பற்களின் உட்புறமும், மேற்கடைவாய்ப் பற்களின் கன்னப்புறமும் இதற்கு முதல் இருப்பிடங்கள்.

இரண்டு பரிசோதனைகள்

ஈறு நோய்க்குப் படலமே காரணம் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியவர் நார்வே தேசத்து ஹாரால்ட் லோ. டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அந்த ஆய்வு வெளியான ஆண்டு 1965.

அவரும் சகாக்களும் 1970-இல் தொடங்கி 15 ஆண்டுகள் தொடர்ந்த மற்றோர் ஆய்வு, தமிழர் நெஞ்சைத் தொடுவது. பல் வைத்தியமும் பல் துலக்கும் பிரஷ்ஷும் அறியாத இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் 480 பேரை அவர்கள் பரிசோதித்தனர். அம்மக்களுக்குச் சொத்தை ஏறத்தாழ இல்லை. ஆனால் படலமும் காரையும் ஈறு அழற்சியும் எல்லோரிடமும் இருந்தன. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குப் பல்லின் பிடிமானம் அதிவேகமாக அழிந்தது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக அழிந்தது. 11 விழுக்காட்டினரே தப்பினர். சொத்தையின்றியே, வலியின்றியே, உறுதியான பற்களை மனிதன் இழக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

இப்போது அந்தப் பழைய அச்சத்துக்கு விடை கிடைக்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பு முன்னரே கரைந்துபோயிருக்க, அடிமண் அரித்த கம்பத்தைச் சுற்றிய கொடி தாங்குவதுபோல், காரைதான் சில காலம் பற்களைப் பிணைத்து வைத்திருக்கிறது. அதை நீக்கியதும் தெரியும் ஆட்டம், நோய் செய்த நாசமேயன்றிச் சிகிச்சை செய்த தீங்கன்று.

செய்யத்தக்கவை

படலம் மென்மையாக இருக்கும்வரை அதை நீக்கும் வல்லமை நம் கையிலேயே இருக்கிறது. காரையாகிவிட்டால் வைத்தியரின் கருவியால் மட்டுமே அதை நீக்க முடியும். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சந்திக்கும் விளிம்பில் 45 பாகைச் சாய்வில் வைத்து, அழுத்தாமல், சிறுசிறு அசைவுகளாக இரண்டு நிமிஷம் துலக்க வேண்டும். காலையில் துலக்குவது நம் மரபு. ஆனால் உறங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால், இரவில் துலக்குவது அதனினும் அவசியம். பல்லிடுக்குகளுக்குப் பிரஷ் எட்டாது. அதற்கென விற்கும் நூலையோ சிறு பிரஷ்ஷையோ பயன்படுத்துக. ஃபுளோரைடு கலந்த பற்பசை எனாமலுக்கு உறுதி தருகிறது. ஆலும் வேலும் போற்றிய முன்னோரின் குச்சியை நன்றாக மென்று மிருதுவாக்கிப் பயன்படுத்தலாம். எனினும் உட்புறங்களை அது எளிதில் எட்டுவதில்லை. செங்கற்பொடியும் சாம்பலுமோ எனாமலையே தேய்த்துவிடும்.

துலக்கும்போது இரத்தம் வந்தால், அவ்விடத்தைத் தொடாமல் விடுவது பெருந்தவறு. படலம் தேங்கியதற்கு அதுவே அடையாளமாதலால், அங்கேதான் மென்மையாகவும் சிரத்தையுடனும் துலக்க வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிடில் வைத்தியரிடம் செல்ல வேண்டும். புகையிலைப் பழக்கமுள்ளோர் இரத்தம் வரவில்லையென்று நிம்மதி கொள்ளலாகாது. புகையிலை ஈறு நோயை வளர்த்து, அடையாளத்தை மறைத்துவிடுகிறது. நீரிழிவு ஈறு நோயை முற்றச் செய்கிறது. ஈறு நோயும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஆகையால் நீரிழிவுள்ளோர் வலி வரும்வரை காத்திராமல், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல் வைத்தியரிடம் காட்டி, காரை இருப்பின் அச்சமின்றி எடுத்துக்கொள்வது தம் பற்களுக்கு மட்டுமன்றி முழுச் சரீரத்துக்கும் செய்துகொள்ளும் உபகாரமாகும்.