உங்களுக்குத் தெரியுமா? – கம்பிக்குள் ஓர் அரிச்சுவடி

● கச்சிராயபாளையம், கல்வராயன்மலைப் பக்கம் கைதாகிறவர்கள் பெரும்பாலும் அடைக்கப்படுவது கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையில். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதான பாரதியாரை வைத்திருந்ததும் கடலூர்ச் சிறையில்தான்!

● குற்றப்பத்திரிகை நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகலும் இலவசம். ஆனால் கைநாட்டு வைக்கிறவருக்கு அந்தக் காகிதக் கட்டால் என்ன பயன்? தன் மேல் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள், அடுத்த வாய்தா எப்போது என்பதைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொன்னால்தான் உண்டு.

● இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நால்வரில் மூவர், வழக்கு இன்னும் முடியாத விசாரணைக் கைதிகள்.

● கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி., கண்ணனூர்ச் சிறையில் வாத்தியாராகவும் இருந்தார். அவரிடம் நீதிநூல் கேட்கவந்த கைதிகள், மனப்பாடம் செய்யத் தோதாகப் பாட்டாகவே எழுதித் தரும்படி கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘மெய்யறிவு’ என்ற வெண்பா நூல்.

● எழுதப் படிக்கத் தெரியாத சிறைவாசிகளுக்கென்றே 2022-இல் தமிழ்நாட்டுச் சிறைகளில் சிறப்பு எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. அ, ஆ எழுதிப் பழகி, சொந்தமாகக் கையெழுத்துப் போடுவதுதான் முதல் படி.

● டெல்லி திகார் சிறையில் ‘படோ படாவோ’ என்றொரு திட்டம். படித்த கைதி, படிக்காத கைதிக்குச் சொல்லித் தர வேண்டும். சம்பள வாத்தியாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை!

● 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் தமிழ்நாடு சிறைத்துறையும் அரங்கு போட்டது. விற்க அல்ல, சிறை நூலகங்களுக்குப் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றுக்கொள்ள. அரங்கின் பெயர் ‘கூண்டுக்குள் வானம்’.

● எழுத்தறிவில்லாத கைதிகளுக்கும் இளம் கைதிகளுக்கும் கல்வி கட்டாயம் என்கின்றன ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015, விதி 104).

● பிரேசிலில் 2012-இல் வந்த ஏற்பாட்டின்படி, ஒரு புத்தகம் படித்தால் தண்டனையில் 4 நாள் கழியும். வருடத்துக்கு 12 புத்தகம், 48 நாள்! ஆனால் அந்த 2012 ஏற்பாட்டில் படித்ததைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கேயும் முதலில் அரிச்சுவடிதான்.