பக்கத்தில் இருப்பதற்கு ஒரு வாடகை

ஒரு பனியன் கடைக்கு வந்து சேருமுன் திருப்பூருக்குள் எத்தனை வாசல்படி ஏறி இறங்குகிறது தெரியுமா? நூல் வாங்குவது ஓரிடம், நிட்டிங் இன்னோரிடம். அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு காம்பாக்டிங், கட்டிங் மேஜை. வெட்டிய துண்டுகள் பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போய்த் திரும்பினால் பவர்டேபிளில் தைப்பார்கள். அப்புறம் செக்கிங், அயர்ன், பேக்கிங். எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளும் உண்டு. ஆனால் ஊரின் பெரும்பகுதி ‘ஜாப் ஒர்க்’கில்தான் ஓடுகிறது. துணி டெம்போவில் ஏறித் தெருத்தெருவாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் இது கணக்குக்கு ஒத்துவராத ஏற்பாடு. துறைமுகம் தூத்துக்குடியில், 300 கிலோமீட்டருக்கு மேல். ஊரில் நிலம் விலை அதிகம், தண்ணீர் பற்றாக்குறை, கம்பெனி கேட்டுகளில் ‘ஆட்கள் தேவை’ அட்டை. நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊருக்குப் போய்விடலாமே! ஆனாலும் 1985இல் 20 கோடி ரூபாயைத் தொடாத ஏற்றுமதி, 2021–22இல் 33,000 கோடியைத் தாண்டியது. அத்தனையும் இந்த நெரிசலுக்குள்ளேயே நடந்தது.

இங்கிலாந்துப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் இதற்குக் காரணம் எழுதிவிட்டார். அவர் பார்த்தது ஷெஃபீல்டு போன்ற தொழில் ஊர்களை. ஆனால் திருப்பூருக்கு அப்படியே பொருந்துகிறது. முதலாவது, ஆட்கள்: சனிக்கிழமை ஒரு கம்பெனியில் கணக்கு முடித்த டெய்லர் திங்கள்கிழமை பக்கத்துக் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்துவிடலாம். அதனால் தொழில் கற்றுக்கொள்வது அவருக்கு வீண்போகாத முதலீடு. அவசர ஆர்டர் வந்தால் ஆள் கிடைக்கும் என்ற தைரியம் முதலாளிக்கு. இரண்டாவது, மிஷினுக்கு ஒரு உதிரிபாகம் போனால் அதை மட்டுமே விற்றுப் பிழைக்கும் கடை நாலு தெருவுக்குள் இருக்கும். பத்துக் கம்பெனி உள்ள ஊரில் அப்படியொரு கடை பிழைக்க முடியாது. மூன்றாவதுதான் விசித்திரம்: தகவல். எந்தச் சாயம் வெளுக்கிறது, எந்த பையர் பணத்தை இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஊருக்குள் பரவிவிடும். இந்த மூன்றுக்கும் யாரும் பில் போடுவதில்லை. பக்கத்தில் இருந்தாலே போதும்.

அப்படியானால் ஏன் திருப்பூர், ஏன் தாராபுரம் இல்லை? பெரும்பாலும் தற்செயல். 1920களில் கையால் சுற்றும் நிட்டிங் மிஷின்கள் இங்கே வந்தன. பருத்திச் சந்தையும் ரயிலும் ஏற்கெனவே இருந்தன. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் ஒருவர் வெள்ளை டி-சர்ட் தேடி வந்தார். அமெரிக்காவில் டால்டன் என்ற சிறு ஊர் தரைவிரிப்புக்குத் தலைநகரான கதையும் இதுபோலத்தான்: 1895இல் கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் கல்யாணப் பரிசாக ஒரு படுக்கைவிரிப்பு செய்ததில் தொடங்கியது அது. இந்த உதாரணத்தை எடுத்துக்காட்டி விளக்கிய பொருளியலாளர் பால் க்ருக்மன் 2008இல் நோபல் பெற்றார். முதல் வித்து எங்கே விழுகிறது என்பது அதிர்ஷ்டம். விழுந்தபின் ஒருவர் வந்ததாலேயே அடுத்தவர் வருவது சூத்திரம்.

நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் கம்பெனிகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர்களின் கம்பெனிகளில் முதல் அதிகம். வெளியூர்க்காரர்கள் குறைந்த முதலோடு தொடங்கினாலும் வேகமாக வளர்ந்தார்கள். பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றியது. ஊரை வளர்த்த அதே நெருக்கம், ஊருக்குள் ஒரு வேலியும் போட்டது.

இனி நிலத்துக்கு வருவோம். தேனிப் பக்கத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வருபவருக்கு இங்கே கூலி அதிகம். அந்தக் கூடுதல் முழுவதும் கையில் நிற்குமானால் இன்னும் பலர் வருவார்கள், வந்துகொண்டே இருப்பார்கள். எதுவரை? வாடகை ஏறி, கிளம்பி வருவதும் ஊரிலேயே இருப்பதும் ஒன்றுதான் என்று தோன்றும்வரை. பொருளியலாளர் ஜெனிஃபர் ரோபாக் 1982இல் கணிதமாக எழுதிக் காட்டியது இதைத்தான்: ஓர் ஊரின் நன்மை முதலில் கூலியில் தெரியும், பிறகு வாடகையில் கரையும். மிஷினை இறக்கலாம், நூலை இறக்கலாம், ஆளைக் கூட்டிவரலாம். இடத்தை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவர முடியாது.

எவ்வளவு கரையும் என்பது வீடு கட்ட எவ்வளவு சுலபம் என்பதைப் பொறுத்தது. கடல் சூழ்ந்த மும்பையில் புறாக்கூண்டுக்கும் கொள்ளை விலை. திருப்பூரைச் சுற்றிக் கடலும் இல்லை, மலையும் இல்லை. கிணறு வற்றிய மேட்டுக்காடுகள்தான். சோளம் விதைப்பதைவிட லைன் வீடு கட்டி விடுவது லாபம் என்று காட்டுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். ஒரே சுவரை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் கழிவறை, தண்ணீருக்குக் குடங்களின் வரிசை. வசதி கேவலம்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த வீடுகள் எழும்பியிராவிட்டால் வாடகை இன்னும் கொடூரமாக ஏறியிருக்கும். பின்னலாடை பாதியிலேயே வேறு ஊர் பார்த்திருக்கும். ஊர் வளர்வதாலேயே, உரிமையாளரின் உழைப்பே இல்லாமல் நிலத்துக்கு வரும் மதிப்பை மட்டும் வரியாக வாங்கிக்கொண்டால் போதும் என்று அமெரிக்காவின் ஹென்றி ஜார்ஜ் 1879இலேயே ஒரு புத்தகத்தில் வாதிட்டார். புத்தகம் அமோகமாக விற்றது. நிலம் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டிலும் அதை ரசிக்கவில்லை.

வாடகைப் புத்தகத்தில் ஏறாத விலையும் இருந்தது. பட்டறைகளின் சாயநீர் நொய்யல் ஆற்றில் இறங்கி, கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. லாபம் மேலே, உப்பேறிய வயல் கீழே. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் நின்றதும் தையலும் தடுமாறியது. அத்தனை தொழிலும் ஒன்றையொன்று நம்பி நிற்பதன் மறுபக்கம் அது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால் மட்டுமே பட்டறை ஓடலாம் என்றானபின், அதுவரை ஆறு சுமந்த செலவு துணியின் விலைக்குள் வந்தது.

இப்போது செலவு ஏற ஏற ஊர் தன்னைத்தானே சல்லடையில் சலித்துக்கொள்கிறது. ஒரே மாதிரி லட்சம் உருப்படி தைக்கும் வேலைக்கு அக்கம்பக்கம் தேவையில்லை. ஆட்கள் குடியிருக்கும் கிராமங்களுக்கே தையல் யூனிட் போய்விடலாம். நியூயார்க்கின் ஆடைப் பகுதியிலும் இதுவே நடந்தது, தையல் பெரும்பாலும் வெளியேறி வடிவமைப்பும் மாதிரி தைப்பதும் தங்கின. கழுத்துப் பட்டையின் நிறத்தை மாற்றி நாளைக் காலைக்குள் சாம்பிள் அனுப்பு என்று பையர் கேட்கும்போது, நிட்டிங்கும் சாயமும் தையலும் ஒரு ராத்திரிக்குள் சந்தித்தாக வேண்டும். அந்த வேலை மட்டும் எந்த வாடகையையும் கொடுத்துவிட்டு நடுஊரில் உட்கார்ந்திருக்கும்.