கோப்பு போல் ஒரு கதவு

உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் 'டெவ்' என்றொரு அடைவு உண்டு. அதிலுள்ள கோப்புகளில் பாட்டும் இல்லை, படமும் இல்லை. அவை சாதனக் கணுக்கள், அதாவது கருவிகளை அணுகும் கதவுகள். கருவியையும் கோப்பைப் போலவே திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம் என்பது 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் காட்டிய வழி. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கருநிரலும் அதே வழிதான்.

ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு எண்கள். முதல் எண், கருவியை இயக்கும் எந்த இயக்கிநிரலை அழைப்பது என்று சொல்லும். அடுத்தது, அந்த நிரலின் பொறுப்பில் உள்ள எந்தச் சாதனம் என்று சொல்லும். தெருப் பெயரும் கதவு எண்ணும் மாதிரி. கணுவின் பெயரெல்லாம் நம் வசதிக்குத்தான், கருநிரலுக்கு எண் போதும்.

இவற்றில் வேடிக்கையானது 'நல்' என்ற கணு. அதன் எண்கள் 1, 3. பின்னால் எந்தக் கருவியும் கிடையாது! யார் எதை எழுதினாலும் விழுங்கிவிடும். படித்தால் ஒன்றும் வராது. வேண்டாத வெளியீட்டைக் கொட்ட நிரலாளர்களுக்கு இதைவிட நல்ல குப்பைத்தொட்டி ஏது?

கேமராவின் கணு அப்படித் திறந்து கிடப்பதில்லை. சாதாரணச் செயலிகள் அதை நேரடியாகத் தொட முடியாது. இயங்குதளத்தின் கேமரா சேவையிடம்தான் கேட்டுப் பெற வேண்டும்.